உகந்தையில இருந்து கதிர்காமம் காட்டுப்பாதை: அம்மாவோட போறதெண்டா எத்தனை நாள் வேணும்?

கல்லடிப்பாலம்
வணக்கம் எல்லாருக்கும். இந்த வருசம் கதிர்காம முருகனிட்ட நடந்து போற காட்டுப்பாதை திறந்ததும் உகந்தையில இருந்து இறங்கிற யோசனை. நான், தங்கச்சி, மச்சான், அம்மா, நாலு பேர். அம்மாவுக்கு 61 வயசு, சீனி வருத்தம் இருக்கு, குளிசையில ஓடுது. சின்னப் புள்ளையில அப்பப்பாவோட போனவ. பிறகு சண்டை, பாதையும் அடைபட்டுப் போச்சு. இப்ப "காட்டுக்குள்ளால போய்ச் சேராம என்ர கட்டை வேகாது" எண்டு ஒற்றைக் காலில நிக்கிறா.

எனக்கு லீவு 5 நாள்தான் தருவாங்க, சனி ஞாயிறைச் சேத்தா 7. கூட வேலை செய்ற பொடியன் ஒருத்தன் மூணு நாள்ல கடந்திரலாம் எண்டு அடிச்சுச் சொல்றான். ஏலுமா? தண்ணி, சாப்பாடு, பாரம், படுக்கை எல்லாம் எப்படித் திட்டம் போடுற? போய் வந்தாக்கள் சொல்லுங்க.

மண்டூரான்
மூணு நாள்ல பொடியனுகள் போவானுகள், பொய்யில்ல. கொப்பளம் வெடிச்சு, கதிர்காமத்தில ரெண்டு நாள் படுத்துக் கிடப்பானுகள். தாயைக் கூட்டிப் போற நீங்க அந்தக் கணக்கைத் தொடவே வேணாம்.

தூரம் ஏறக்குறைய 80 கிலோமீற்றர். அதை நாலால பிரிச்சு நாளுக்கு 20 எண்டு தாள்ல எழுதினா அழகாத்தான் இருக்கும். ஒரு ஆளுக்கு அந்த வெயிலில நாளைக்கு 5 லீற்றர் தண்ணி வேணும், சமையல் வேற. நாலு பேருக்கு 20 லீற்றர், 20 கிலோ. ரெண்டு நாளுக்குரிய தண்ணியை ஆரு சுமக்கிற? அதால இண்டைக்கு எங்க படுக்கிறது எண்டதை உங்கட கால் முடிவு செய்யாது, தண்ணி எங்க கிடக்குதோ அங்கதான் படுக்கை. திட்டம் முழுக்க இதைச் சுத்தித்தான் போடணும்.

பாதை இப்பிடி: உகந்தை மலைக்கோயில், பிறகு வாகூரவெட்டை, குமண (எங்கட பழைய ஆக்கள் கூமுனை என்பாங்க), அங்கிருந்து குமுக்கன் ஆறு. குமுக்கன்தான் கிழக்கு மாகாணத்துக்கும் எல்லை, குமண பூங்காவுக்கும் எல்லை. அக்கரை யால பூங்கா. ஆறு கடந்தா நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம், கதிர்காமம்.

உகந்தையில இருந்து குமுக்கன் வரைக்கும் அம்மாவை ரெண்டு நாள்ல நடத்துங்க. குமுக்கன்ல ஒரு முழு நாள் கிடக்கலாம், கிடக்கவும் வேணும். பெரிய மருத மரம், நிழல், குளிப்பு, உடுப்புத் தோய்ப்பு எல்லாம் அங்கதான். அதுக்குப் பிறகு வியாழை வரைக்கும் இருக்கிற துண்டுதான் ஆளை உரிக்கிறது. குமுக்கனுக்கும் மாணிக்க கங்கைக்கும் நடுவில நிழலும் குறைவு, தண்ணியும் குறைவு, கச்சான் காத்து மூஞ்சியில அனலா அடிக்கும். அந்தத் துண்டை மட்டும் ரெண்டாப் பிரிச்சு நாவலடியில படுங்க. வியாழையில மாணிக்க கங்கையைக் கண்டிட்டீங்களெண்டா மிச்சம் பயமில்ல.

ஆகக் காட்டுக்குள்ள 6 நாள் வையுங்க. போக வர வேற.

சுவிஸ்களுவாஞ்சி
நான் களுவாஞ்சிக்குடி, இப்ப சூரிச் பக்கம் இருக்கன். இஞ்ச மலைப்பூங்காக்கள்ல நாலஞ்சு நாள் நடந்து பழக்கம். என்ர ஆலோசனை: கூடாரம் ஒண்டு 2 கிலோவுக்குள்ள வாங்கலாம். ரெண்டு கையிலயும் ஊண்டுகோல், முழங்காலுக்கு நல்ல உதவி. கைக்கு அடக்கமான தண்ணி வடிகட்டி ஒண்டு, ஆத்துத் தண்ணியை அப்பிடியே குடிக்கலாம். போன்ல வரைபடத்தை இறக்கி வைச்சா வலையமைப்பு இல்லாமலும் பாதை தெரியும். காலணி புதுசா வேணாம், ஒரு மாசம் போட்டுப் பழகினதாப் பாருங்க. பை உங்கட எடையில அஞ்சில ஒரு பங்குக்கு மேல போகக்கூடாது. இப்பிடிப் போனா மூண்டரை நாள் காணும்.

மண்டூரான்
தம்பி, நல்ல மனசோட சொல்றீங்க, ஊண்டுகோலும் பழகின காலணியும் நூற்றுக்கு நூறு சரி. ஆனா வடிகட்டி கிருமியைத்தான் பிடிக்கும், உப்பைப் பிடிக்காது. ஆடி மாசத்தில குமுக்கன் வாயை மணல் மூடிரும், கடலோரம் கிடக்கிற தண்ணி உவர். உங்கட வடிகட்டிக்குள்ளால உவர் போனா உவராத்தான் வரும். அதைக் குடிச்சா தாகம் இன்னும் கூடும்.

அங்க வேண்டியது ஊத்து. ஆத்தில கொஞ்சம் மேல ஏறிப் போங்க, கரையோரம் ஈரம் கிடக்கிற மணலைப் பாருங்க. முழங்கை ஆழத்துக்குத் தோண்டினாக் காணும். முதல் ஊறுறது கலங்கல், அதை இறைச்சு வெளியில ஊத்துங்க. ரெண்டாந்தரம் ஊறுறதையும் இறைக்கணும். அதுக்குப் பிறகு ஓரத்து மணல் இடிஞ்சு விழாம ரெண்டு கையாலயும் அணைச்சுப் பிடிச்சுக்கொண்டு ஆறுதலாப் பாத்துக்கொண்டிருந்தா அடியில தெளிஞ்சு வரும். சிரட்டையால மேலாக அள்ளி, பழைய வேட்டித் துணியை நாலா மடிச்சு வடிச்சு, கேத்தல்ல நல்லாக் கொதிக்க வையுங்க. நாக்கில வைச்சுப் பாத்து உவர் எண்டா அந்தக் குழியை விட்டிட்டு இன்னும் மேல போங்க.

இப்ப சில இடங்களுக்கு பவுசர்ல தண்ணி கொண்டு வந்து குடுக்கிறாங்க, புண்ணியமாப் போகட்டும். அதை நம்பி வெறும் போத்தலோட நடக்காதீங்க. வண்டி மணல்ல புதைஞ்சா அண்டைக்குத் தண்ணியில்ல.

கூடாரமும் வேணாம். ஒரு படங்கு, நாலு துண்டு கயிறு, ஒரு பாய். மழை வராத காலம். கூட்டத்தோட நடுவில படுக்கிறதுதான் பாதுகாப்பு. தனியக் கூடாரம் அடிச்சு ஒதுங்கிக் கிடக்கிற இடமில்ல அது.

சுவிஸ்களுவாஞ்சி
உவர்க் கதை எனக்குத் தெரியாது அண்ணன், நன்றி. இஞ்ச 1914ல தொடங்கின தேசியப் பூங்கா ஒண்டு இருக்கு, எங்கடின் பள்ளத்தாக்கில. அங்க கூடாரமே அடிக்க ஏலாது, தடத்தை விட்டு ஒரு அடி விலகினாலும் தண்டம். ராவில தங்கிறதெண்டா உள்ளுக்குள்ள ஒண்டு ரெண்டு விடுதிதான், முன்கூட்டியே இடம் பிடிக்கணும். தண்ணி மட்டும் எங்க பாத்தாலும் ஓடும், பனி உருகி வாற தண்ணி. அதை வைச்சுத்தான் கணக்குப் போட்டன்.

பொத்துவில் நானா
அஸ்ஸலாமு அலைக்கும். தம்பி கல்லடி, பயணத்தைப் பத்தி நான் சொல்றன், நடக்கிறதைப் பத்தி மத்தாக்கள் சொல்லட்டும்.

மட்டக்களப்பில இரிந்து பொத்துவில் நூறு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல. அக்கரைப்பற்று வழியா பஸ் இரிக்கி. பொத்துவில்ல இரிந்து அறுகம்பை, பாணமை, பொறகு உகந்தை. திருவிழாக் காலத்தில உகந்தைக்கே நேர பஸ் போடுவாங்க, இல்லாட்டி ஓட்டோதான். பாணமைக்கு அங்கால பின்னேரம் போனா ரோட்டில ஆனை நிக்கும். பகல்ல போய் உகந்தையில இறங்கிருங்க. முதல் நாள் அங்க தங்கி, கடலைப் பாத்து, மலையில இரிக்கிற சுனையெல்லாம் ஏறிப் பாத்திட்டு, மத்த நாள் விடிய காட்டுப்பாதை வாசலுக்குப் போங்க. உம்மாவுக்கும் களைப்பு ஆறும்.

ஒண்டு முக்கியம்: திகதியை இப்ப லீவுக் கடிதத்தில எழுதிக் குடுத்திராதீங்க. ஒவ்வொரு வருசமும் கச்சேரியில (மாவட்டச் செயலகத்தில) கூட்டம் வைச்சு, கதிர்காமக் கொடியேத்தத்தைப் பாத்துத்தான் திறக்கிற நாள் முடிவாகும். அதுவும் கிட்டத்தட்ட ரெண்டு கிழமைதான் திறந்திரிக்கும். முந்தின வருசத்துத் திகதியை வைச்சு லீவு போட்டு வந்து, மூடின கேற்றுக்கு முன்னால இரிந்தாக்களுக்கு நானே தேத்தண்ணி வாங்கிக் குடுத்திரிக்கன்.

கல்லடிப்பாலம்
அப்ப எனக்கு லீவுதான் முதல் பிரச்சினை போல. நானா, மிச்சம் நன்றி. திரும்பி வாறதுக்கு?

பொத்துவில் நானா
கதிர்காமத்தில இரிந்து புத்தல, மொனராகல, சியம்பலாண்டுவ பக்கத்தால வரலாம். புத்தல ரோட்டில ஆனை வண்டியை மறிச்சுச் சாப்பாடு கேக்கும், பஸ்ஸில வாழைப்பழத்தை வெளியில காட்டாதீங்க. கொடியேத்த நேரம் கதிர்காமத்தில அறை கிடைக்கிறது கஸ்டம், தெரிஞ்சாக்கள் இரிந்தா இப்பவே சொல்லி வையுங்க. ஆலய வளவுக்குள்ள எங்கட பள்ளிவாசலும் இரிக்கி, கொடி அங்கயும் ஏறும். உம்மாவை ஒருக்கா கூட்டிப் போய்க் காட்டுங்க.

தேத்தாத்தீவாள்
ஆம்புளையள் நாலு பேர் கதைச்சா தண்ணியும் யானையும்தான் வரும் 😄 தங்கச்சியும் அம்மாவும் வாறபடியா நான் சொல்றன்.

பெண்கள் ஒதுக்குப்புறம் போறதெண்டா தனியப் போகக்கூடாது. மூணு பேராப் போய், ஒரு சீலையை ரெண்டு பேர் மறைச்சுப் பிடிக்கணும். விடியக்காலமையும் பொழுது பட்ட பிறகும் பத்தைக்குள்ள போகவே கூடாது. சின்ன மண்வெட்டி ஒண்டு கூட்டத்துக்கு இருக்கட்டும், குழி தோண்டி மூடுங்க. குளிப்புக்கு ஒரு பழைய நீட்டுப் பாவாடை, காயப்போட நேரமில்லாததால மாத்துடுப்பு ரெண்டு சோடி காணும். சீலை உடுத்து நடக்கிறது மணலில பெரிய பாடு. அம்மாவுக்கு விருப்பமில்லாட்டியும் சுடிதார் மாதிரி ஒண்டைத் தைச்சுக் குடுங்க. மாதக் கணக்கைப் பாத்துத்தான் எங்கட ஊரில நாள் வைப்பாங்க, தங்கச்சி தன்ர கூட்டத்துப் பெரியவங்களோட முதல்லயே கதைச்சுக்கொள்ளட்டும்.

நாலு பேராத் தனியப் போகாதீங்ககா. எந்தக் கூட்டத்தோடயாவது சேருங்க. உகந்தையில ஒரு நாள் நிண்டா எத்தனையோ கூட்டம் வரும், கூட்டத்தில வயசானவங்க எத்தனை பேர் எண்டு பாத்துச் சேருங்க. வேகமாப் போற பொடியனுகள்ட கூட்டம் அம்மாவை விட்டிட்டுப் போயிரும். பாதையில ஆளுக்காள் "சாமி" தான், ஆரு ஆளெண்டு தெரியாமலே சோறு குடுப்பாங்க. ஆனா விடியச் சாமம் கூட்டம் எழும்பினா நீங்களும் எழும்பணும்.

சாப்பாடு: அரிசி, பருப்பு, கருவேப்பிலை வறுத்த சம்பல், புளி, அவல், சக்கரை, கச்சான், பேரீச்சம்பழம், பால்மா, தேயிலை. பொரிவிளாங்காய் செய்யத் தெரிஞ்சா அதைவிட நல்லது ஒண்டுமில்ல, பழுதாகாது, ஒண்டைத் திண்டிட்டு ரெண்டு மணித்தியாலம் நடக்கலாம். தேங்காய் சுமக்காதீங்க.

காட்டுப்பூனை
இதையும் கொஞ்சம் வாசிங்க. அது தேசியப் பூங்கா. குமண 1985ல இருந்து 2003 வரைக்கும் மூடிக் கிடந்தது, அந்தக் காலத்தில காடு தன்பாட்டில கிடந்தது. இப்ப ரெண்டு கிழமையில பல்லாயிரம் பேர் இறங்கிறம். போன வருசம் நாவலடிப் பக்கம் ஜீவனி (தண்ணியில கரைச்சுக் குடிக்கிற உப்புச் சக்கரைத் தூள்) பக்கெட், பிளாஸ்ரிக் போத்தல், பிஞ்ச செருப்பு, சம்பலோட வீசின பொலித்தீன். பொலித்தீனைத் திண்டிட்டு மான் கிடக்கிற படத்தைப் பாத்தாவது திருந்தணும். பக்தி எண்டா காட்டைக் குப்பையாக்கிறதா?

பருத்தித்துறை வடை
நான் யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதிக் கோயிலில இருந்து நடந்து வாற கூட்டத்தில போறனான். குப்பை போடுறது நடைச்சாமியள் இல்லை, உகந்தைக்கு வானில வந்து இறங்கிற ஆக்கள். ஒரு மாசத்துக்கு மேல தோளில சுமக்கிறவனுக்கு ஒவ்வொரு பொருளின்ர பாரமும் தெரியும், தேவையில்லாததைக் கொண்டு வரமாட்டான்.

காட்டுப்பூனை
வடை, "நாங்கள் இல்லை, அவங்கள்" எண்டு எல்லாரும்தான் சொல்றாங்க. குப்பையில ஊர்ப்பேர் எழுதியிருக்காது.

மண்டூரான்
ரெண்டு பேரும் நிப்பாட்டுங்க, கேட்டவர் வேற கேள்வி கேட்டவர். பூனை சொல்ற விசயத்தில ஒண்டு பயன்படும்: வாசல்ல பையைக் கிண்டிப் பாப்பாங்க. அதால வீட்டிலயே எல்லாத்தையும் துணிப்பைக்கும் மூடி இறுகின டப்பாவுக்கும் மாத்துங்க. வெறுமையான பக்கெட்டைப் போட ஒரு உரப்பையைப் பையில கட்டித் தொங்க விடுங்க, கதிர்காமம் வரைக்கும் அது உங்களோட வரட்டும். குரங்குக்கும் மானுக்கும் சோறு வைக்கிற பழக்கமும் வேணாம்.

மிருகத்தைப் பத்தி ஒருத்தரும் இன்னும் சொல்லயில்ல. யானையை விடக் கரடிதான் என்ர பயம். நீங்க போற மாசம் பாலைப்பழக் காலம். கரடி பாலை மரத்தில ஏறி இருந்து தின்னும், கீழயும் பொறுக்கும். நிழல் நல்லா இருக்கெண்டு பழம் கொட்டிக் கிடக்கிற பாலைக்குக் கீழ படங்கை விரிக்காதீங்க. பத்தை திரும்பிற இடத்தில ஒரு அரோகரா போட்டுக்கொண்டு போங்க, சத்தம் கேட்டா அது விலகும். திடுக்கிட்ட கரடிதான் பாயும், மூஞ்சியைத்தான் கிழிக்கும். யானை நிண்டா நிண்ட இடத்தில நில்லுங்க, படம் எடுக்கக் கிட்டப் போகாதீங்க, தனியனெண்டா இன்னும் தூரம். முதலை குமுக்கன்லயும் இருக்கு, மாணிக்க கங்கையிலயும் இருக்கு. மணல் தெரியிற ஆழங்குறைஞ்ச இடத்தில, கன பேர் குளிக்கிற இடத்தில, வெளிச்சத்தில குளிங்க.

நடக்கிற நேரம்: கிழக்கு வெளுத்தவுடனே வெளிக்கிட்டு, ஒன்பதரை பத்துக்கு நிழல் பிடிக்கிறது. சமைச்சுத் திண்டு படுத்து, மூண்டரைக்குப் பிறகு கொஞ்சத் தூரம். அஞ்சரைக்கு முதல் படுக்கிற இடத்தில நிக்கணும். டோர்ச்சை நம்பி ராவில நடக்கிறவனோட சேராதீங்க.

மருந்துக்காரி
நான் வார்ட்டில வேலை செய்ற தாதி. அம்மாவைப் பத்திக் கொஞ்சம் பொறுப்பாக் கதைக்கணும்.

1. போறதுக்கு ஒரு மாசத்துக்கு முதல் கிளினிக்கில காட்டி, "நாளுக்கு ஆறேழு மணித்தியாலம் நடக்கப் போறன்" எண்டு டொக்டரிட்டச் சொல்லுங்க. நடைக்குச் சீனி இறங்கும். சில குளிசை சாப்பாடு பிந்தினா சீனியை இன்னும் இறக்கிவிடும், அந்த அளவை மாத்திறது டொக்டர்தான், நீங்களா விடவும் கூடாது, அரைவாசியாக்கவும் கூடாது.

2. கை நடுக்கம், வேர்வை, தலைச்சுத்து, சம்பந்தமில்லாத கதை, இதுகள் வந்தா உடனே இருத்தி சக்கரைத் தண்ணி குடுங்க. விரதமெண்டு சொல்லி மறுப்பா, விடாதீங்க. குளுக்கோஸ் பக்கெட் அம்மாட மடியிலயும் இருக்கணும், உங்கட பையிலயும் இருக்கணும்.

3. வெறுங்காலில நடக்க விடாதீங்க. இதில நேத்தியெல்லாம் பாக்க ஏலாது. சீனி உள்ள காலுக்கு முள்ளுக் குத்தினது தெரியாது, சூடு பட்டதும் தெரியாது. பருத்தி மேஸ், பழகின காலணி. ஒவ்வொரு நாள் பின்னேரமும் தங்கச்சி அந்தப் பாதத்தை ஏந்தி விரலிடுக்கு, குதிக்கால், அடிப்பாதம் எல்லாம் வெளிச்சத்தில பாக்கணும். கொப்பளத்தைக் குத்தி உடைக்க வேணாம், துப்பரவாத் துடைச்சு மூடிக் கட்டுங்க. உண்ணி கடிச்சிருந்தா அதையும் அப்ப பிடுங்குங்க, தலை உள்ளுக்கு நிக்காம தோலோட ஒட்டிப் பிடிச்சு.

4. ஜீவனி ஒரு பக்கெட் ஒரு லீற்றர் தண்ணிக்கு. அதில சீனி இருக்கு, அம்மாவுக்குத் தண்ணி மாதிரி நாள் முழுக்கக் குடுக்காதீங்க. வயித்தோட்டம், கடும் வேர்வை எண்டாக் குடுங்க.

வெறுங்காலில நடக்கிறதைப் பத்தி இஞ்ச சிலருக்கு என்னில கோவம் வரும். கால் கழட்டின ஆக்களுக்கு மருந்து கட்டுறது நான்தான்.

பருத்தித்துறை வடை
கோவமில்லை தங்கச்சி. எங்கட கூட்டத்தில வெறுங்காலோட வெளிக்கிடுற வயசான ஆக்களும் காட்டுக்குள்ள செருப்புப் போடுவினம். மணல் 11 மணிக்குப் பொரிக்கும்.

இன்னொண்டு, கல்லடியர். போன்ல வரைபடம் எண்டு சுவிஸ்காரர் சொன்னவர். காட்டுக்குள்ள பெரும்பாலான இடத்தில தொடர்பு இல்லை, சார்ஜ் போட வழியுமில்லை. வீட்டில நிக்கிற ஆக்களிட்ட "ஆறாம் நாள் பின்னேரம் வரைக்கும் கோல் வராது, பயப்பிடாதேங்கோ" எண்டு சொல்லிப்போட்டு வெளிக்கிடுங்கோ. பாதை தவறாது, முன்னுக்கும் பின்னுக்கும் ஆக்கள் போய்க்கொண்டே இருப்பினம்.

தேத்தாத்தீவாள்
அம்மா இப்ப நடக்கிறவவா? அதை ஒருத்தரும் கேக்கயில்ல.

கல்லடிப்பாலம்
கோயிலுக்கும் சந்தைக்கும் நடப்பா அக்கா, அவ்வளவுதான். மாமாங்கக் கோயிலுக்கு ஓட்டோவிலதான் போவா.

தேத்தாத்தீவாள்
அப்ப இண்டையில இருந்து தொடங்குங்க. கல்லடிக் கடற்கரை மணலில விடியக் காலமை அரை மணித்தியாலம், ரெண்டாம் கிழமை ஒரு மணித்தியாலம், பிறகு முதுகில ரெண்டு லீற்றர் போத்தலோட. ரோட்டில நடந்து பழகினா மணலுக்கு உதவாது, குதிக்கால் நரம்பு இழுக்கும். போக முதல் ஒரு நாள் களுதாவளைக் கோயிலுக்கு நடத்திக் கூட்டி வாங்க, கால் தாங்குதா எண்டு தெரியும். அதுக்கு எங்கட வீட்டுக்கும் வரலாம், கோயிலுக்குக் கிட்டத்தான்.

கல்லடிப்பாலம்
எல்லாருக்கும் நன்றி. வீட்டில எல்லாத்தையும் அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். கரடி வந்த இடத்தில மட்டும் "அவன் பாத்துக்கொள்ளுவான்" எண்டா. செருப்புக்குக் கொஞ்சம் மறுத்தா, தாதி அக்கா எழுதினதை ரெண்டாந்தரம் வாசிச்ச பிறகு ஓமெண்டிட்டா.

இப்ப முடிவு: திறக்கிற திகதி வந்த பிறகுதான் லீவு கேக்கிற, 9 நாள். சம்பளமில்லாத லீவு எண்டாலும் பரவாயில்ல. முதல் நாள் உகந்தையில தங்கிற, வயசான ஆக்கள் உள்ள கூட்டத்தில சேருற, காட்டுக்குள்ள 6 நாள், குமுக்கன்ல ஒரு நாள் கிடக்கிற. மச்சானும் நானும் ஆளுக்கு 8 லீற்றர், தங்கச்சி 4, அம்மா தன்ர குடிதண்ணி மட்டும். குமுக்கனுக்கு வந்து அம்மாட கால் சரியில்லாட்டி அதுக்கு அங்கால போறதில்ல எண்டு தங்கச்சியோட பேசி வைச்சிருக்கன், அம்மாவுக்கு இன்னும் சொல்லயில்ல. அங்க இருந்து திரும்புறதெண்டா வழி இருக்கா?

மண்டூரான்
இருக்கு. தண்ணி, மருந்து கொண்டு வாற வண்டிகள் குமுக்கன் வரைக்கும் வந்து உகந்தைக்குத் திரும்பும், ஏலாத ஆக்களை ஏத்துவாங்க. அந்த முடிவை ஆத்தைக் கடக்க முதல் எடுங்க. கடந்து நாவலடிக்குப் போன பிறகு கால் ஏலாதெண்டா ஆளைத் தூக்கிறதே பாடு. அம்மாவுக்கும் இப்பவே சொல்லிருங்க மகன், அங்க போய்ச் சொன்னா ஆத்து மணலில இருந்து அழுவா, நீங்களும் மனம் இளகிக் கூட்டிப் போயிருவீங்க.

பொத்துவில் நானா
திகதி தெரிஞ்ச உடனே இதே இழையில போடுறன் தம்பி. உகந்தைக்கு ஓட்டோ வேணுமெண்டா ரெண்டு நாளைக்கு முதல் சொல்லுங்க, அந்த நேரம் ஓட்டோ பிடிக்கிறதும் பெரிய பாடு.